கம்பி எண்ணியவருக்குக் கனடா கிடைக்குமா?

(பழைய வழக்கும் வெளிநாட்டுப் பயணமும் பற்றி எழுதிய எல்லோருமே பெயரை மறைக்கச் சொல்லிவிட்டார்கள். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஊரைப் போட்டாலே தெரிந்துவிடும் என்று நடுங்கியவர்களுக்கு மாவட்டத் தலைநகர்.)

கே: 2009-ல் ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடியில் என் நண்பருக்கு மூன்று மாதம் சிறை. அனுபவித்துவிட்டு வந்துவிட்டார். இப்போது பாஸ்போர்ட் எடுக்க ஆசைப்படுகிறார். கொடுப்பார்களா?
– நண்பருக்காகக் கேட்கிறேன், மதுரை

ப: நண்பரின் மண்டையில் எத்தனை தையல், மழை வந்தால் எந்தத் தையல் வலிக்கும் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நெருங்கிய நட்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கொடுப்பார்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவைப் பாருங்கள். பழைய தண்டனையைக் காட்டி மறுப்பதென்றால் மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும். குற்றம் ஒழுக்கக்கேடு சார்ந்ததாக இருக்க வேண்டும், சிறைத்தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், தீர்ப்பு விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும். ‘நண்பர்’ இரண்டில் தப்பிவிட்டார், மூன்றாவதைப் பார்க்கவே வேண்டாம். விண்ணப்பப் படிவமும் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் கேட்கிறது. கேட்காததை வலியப் போய் எழுத வேண்டாம். ஆனால் விசாரணைக்கு வரும் காவலர் வாய்விட்டுக் கேட்டால் மறைக்காதீர்கள், அவருடைய ஸ்டேஷன் ரெக்கார்டில் அது பத்திரமாக இருக்கிறது. படிவத்தில் பொய் சொன்னால் அதே சட்டத்தின் 12-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. மூன்று மாதத்தை மறைக்கப் போய் இரண்டு வருடம் வாங்குவது கட்டுப்படியாகாது.

கே: என் மைத்துனர் மேல் ஒரு நிலத்தகராறு கேஸ் 2014-லிருந்து வாய்தாவிலேயே ஓடுகிறது. ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. உள்ளே போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்போர்ட் எடுத்து இலங்கைக்கே போய்வந்துவிட்டார். இவருக்கு மட்டும் இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம் சார்?
– ஈரோடு

ப: என்னைக் கேட்டால், இந்தச் சட்டம் தலைகீழாக நிற்கும் இடம் இதுதான். தண்டனை பெற்றவருக்கு ஐந்து வருடம் என்று ஒரு கெடு உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பவருக்குக் கெடுவே கிடையாது, வழக்கு எத்தனை வருடமோ தடையும் அத்தனை வருடம். நம் ஊர் வழக்கு எத்தனை வருடம் என்பதை உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் நிரூபணமானவர் விமானம் ஏறுகிறார், நிரூபணமாகாதவர் வாய்தாவுக்கு பஸ் ஏறுகிறார்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டுவிட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் கிடக்கிறதா? அப்படியென்றால் அது ‘நிலுவை வழக்கு’ ஆகாது. கோர்ட் அதைக் கோப்பில் எடுத்தால்தான் ஆகும். இதை உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன, வெளியுறவு அமைச்சகமும் 2019 அக்டோபரில் சுற்றறிக்கையாகவே எழுதிவிட்டது. ஆனாலும் சில இடங்களில் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் பார்த்ததுமே ‘பரிந்துரைக்கவில்லை’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சுற்றறிக்கையின் நகலோடு போய் உட்காருங்கள்.

வழக்கு கோப்பில் ஏறிவிட்டதென்றாலும் கதவு பூட்டவில்லை. 25.8.1993 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை ஒன்று இருக்கிறது. வழக்கு நடக்கும் அதே கோர்ட்டில் வக்கீல் மூலம் மனுப் போட்டு, வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கினால் பாஸ்போர்ட் கொடுத்தாக வேண்டும். நீதிபதி எத்தனை வருடம் என்று எழுதுகிறாரோ அத்தனை வருடத்துக்குப் பாஸ்போர்ட். அவர் எழுத மறந்தால் ஒரே ஒரு வருடம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் உத்தரவைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆகவே மனுவிலேயே ‘பத்து வருடத்துக்கு’ என்று கேட்டுவிடுங்கள், கிடைக்கிறதா என்பது அப்புறம். கூப்பிட்டால் ஆஜராவேன் என்று மைத்துனர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இத்தனை வாய்தாவுக்கு ஆஜரானவருக்கு அதில் கஷ்டம் இருக்காது.

கே: எனக்குக் கீழ்க்கோர்ட்டில் ஒரு வருடம் தண்டனை. அப்பீல் நிலுவையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முடியுமா?
– ஈரோடு (அதே தெரு)

ப: முடியும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகவே புதுப்பிக்க மறுக்கக் கூடாது, மறுப்பதென்றால் அந்த ஐந்து வருடம், இரண்டு வருடம் கணக்கில்தான் மறுக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. எதிர் வீட்டு மைத்துனருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கே: 1998-ல் தோப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியது. ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது மகன் டல்லாஸுக்குக் கூப்பிடுகிறான். இதையெல்லாமா அமெரிக்காக்காரனிடம் சொல்வார்கள்?
– தஞ்சாவூர்

ப: சொல்லத்தான் வேண்டும். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற அந்த ஒற்றை வார்த்தைதான் சட்டத்தில் தண்டனைத் தீர்ப்பு. அபராதம் கட்டினால் கதை முடிந்தது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கட்டிய ரசீது கிழிந்து போயிருக்கலாம், தீர்ப்பு கிழியாது. அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்கவில்லை, எப்போதாவது கைதானீர்களா என்றும் கேட்கிறது. மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லு என்கிறது. எத்தனை வருடத்துக்கு முன்னால் என்ற கணக்கே அந்தக் கேள்வியில் இல்லை.

‘ஆம்’ போட்டால் விசா போச்சு என்று பயப்படாதீர்கள். அமெரிக்கச் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றங்களையும் போதைப்பொருளையும். திருட்டு, மோசடி, போலிப் பத்திரம் எல்லாம் முதல் வகை. தோப்புச் சீட்டாட்டத்தைச் சாதாரணமாக அதில் சேர்ப்பதில்லை. முதல் வகையிலேயே வந்தாலும் ஒரு சின்ன விலக்கு உண்டு: வாழ்நாளில் ஒரே ஒரு குற்றம், அதற்குச் சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது, உங்களுக்குக் கிடைத்தது ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. போதைப்பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. சீட்டுக் கட்டில் கஞ்சாப் பொட்டலம் எதுவும் இல்லையே?

சிரமம் படிவத்தில் இல்லை, பேப்பரில் இருக்கிறது. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ‘தீர்ப்பு எங்கே?’ என்பார். உங்களுக்கோ வழக்கு எண்கூட நினைவிருக்காது. அதனால் இப்போதே கிளம்புங்கள். எந்த ஸ்டேஷன், எந்த வருடம் என்று சொல்லிக் குற்ற எண்ணைப் பிடியுங்கள், அதை வைத்துக் கோர்ட்டின் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) எண்ணைப் பிடியுங்கள், பிறகு நகல் மனு. ‘அந்த வருடக் கட்டுகளை எல்லாம் அழித்தாச்சுங்களே’ என்பார் நகல் பிரிவில் இருப்பவர், அநேகமாக உண்மையைத்தான் சொல்வார். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். அழித்தாகிவிட்டது என்பதையே எழுத்தில், கோர்ட் முத்திரையோடு வாங்குங்கள். இல்லாத தீர்ப்புக்கு அந்தக் காகிதம்தான் தீர்ப்பு. தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டல்லாஸ் போனதும் மகனின் நண்பர்களோடு ரம்மி ஆடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கே: எங்கள் ஏஜென்ட் ‘எல்லாத்துக்கும் நோ போடுங்க, அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது’ என்கிறார். அனுபவசாலி. கேட்கலாமா?
– திருச்சி

ப: அனுபவம் அவருக்கு, தடை உங்களுக்கு. விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால் ஆஸ்திரேலியா மூன்று வருடம், கனடா ஐந்து, இங்கிலாந்து பத்து, அமெரிக்கா ஆயுள் முழுக்கக் கதவை மூடுகின்றன. பல நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் விசாவே கிடைத்திருக்கும், அதுதான் கொடுமை. ‘நோ’ என்று டிக் அடித்தது ஏஜென்ட் விரல்தான் என்று பிறகு சொல்லிப் பயனில்லை, கீழே இருப்பது உங்கள் உறுதிமொழி. இவ்வளவு தைரியசாலி என்றால் ‘நோ போடச் சொன்னது நான்தான்’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்கே உங்கள் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கே: மகள் டொரொன்டோவில் முழுகாமல் இருக்கிறாள், தை மாதம் பிரசவம். நானும் அவள் அப்பாவும் போக வேண்டும். 2019 தீபாவளி சமயம் அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு கோர்ட்டில் அபராதம் கட்டினார். அபராதம்தானே, கனடாவில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்களா?
– கோயம்புத்தூர்

ப: அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இருப்பதிலேயே கறாரான நாட்டைப் பற்றி. நம் ஊரில் அது அபராதத்தோடு போனது என்பது கனடாவுக்கு ஒரு பொருட்டில்லை. ‘இதே காரியத்தை இங்கே செய்திருந்தால் எங்கள் சட்டத்தில் என்ன உச்சத் தண்டனை?’ என்று பார்ப்பார்கள். 18.12.2018 அன்று அவர்கள் குடிபோதையில் வண்டி ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக ஏற்றினார்கள். அந்த ஒரு நாளில் அது ‘கடும் குற்றம்’ என்ற வரிசைக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பிடிபட்டவர் என்றால், பத்து வருடம் கழிந்ததும் தானாகவே திருந்தியவராகக் கருதப்படுவார். உங்கள் வீட்டுக்காரர் 2019 தீபாவளிக்குக் குடித்தார். ஒரு வருடம் முந்திக் குடித்திருக்கலாம் என்று நான் எழுதினால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

இப்போது இரண்டு வழி. தண்டனை முடிந்து, அதாவது அபராதம் கட்டி, ஐந்து வருடம் ஆகியிருந்தால் ‘திருந்திவிட்டேன்’ என்று கனடா அரசிடம் தனியாக ஒரு விண்ணப்பம் போடலாம். அவருக்கு அந்த ஐந்து ஆகிவிட்டது. கிடைத்துவிட்டால் அது நிரந்தரம், அப்புறம் இந்தக் கேஸ் அவரைத் துரத்தாது. ஆனால் முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், வருடத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. இன்னொன்று தற்காலிக அனுமதி. போக வேண்டிய காரணம் கனமாக இருந்தால் அதிகாரி தன் விருப்பப்படி தருவது. ‘மகள் பிரசவம்’ காரணம்தான். ஆனால் பத்தியக் குழம்பு வைக்கத் தெரிந்தவருக்கு அது இன்னும் கனமான காரணம். ஆகவே நீங்கள் முதலில் கிளம்புங்கள். அவர் இப்போதே அந்தப் பெரிய விண்ணப்பத்தைப் போடட்டும், முதல் பிறந்தநாளுக்காவது போய்ச் சேரலாம்.

கே: காந்தி எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனார்! 1931-ல் லண்டன் போகவில்லையா? அவருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?
– திருநெல்வேலி

ப: நல்ல பிடி. 1922 மார்ச்சில் ராஜத்துரோகத்துக்காக அவருக்கு ஆறு வருடத் தண்டனை. குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 1924-லேயே விட்டுவிட்டார்கள். 1931-ல் ‘ராஜபுதானா’ கப்பலில் ஏறி வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். உள்ளே தள்ளிய அரசே அழைப்பும் அனுப்பியதால் கவுன்ட்டரில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்றைய பிரிட்டிஷ் விதிப்படி அவருக்கு விசிட்டர் விசா கிடைக்காது. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரை மறுத்தே ஆக வேண்டும், எத்தனை வருடமானாலும். கணக்கில் எடுப்பது உள்ளே இருந்த நாளை அல்ல, தீர்ப்பில் எழுதியதை. இரண்டு வருடத்தில் வெளியே வந்தாலும் அது ஆறு வருடம்தான். 12 மாதத்துக்குக் குறைவு என்றால் தண்டனைக் காலம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் போகலாம். ‘நல்ல நடத்தைக்காகச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் சார்’ என்று எழுதும் வாசகர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

கே: பிரபலங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாதுதானே?
– சேலம்

ப: உண்டு. ஆனால் அவர்களிடம் வக்கீலும் நேரமும் இருந்தன. பீட்டில்ஸ் ஜான் லெனனிடம் 1968-ல் லண்டனில் கஞ்சாப் பிசின் பிடிபட்டது, 150 பவுண்டு அபராதம். அந்த 150 பவுண்டைக் காட்டித்தான் 1972-ல் அமெரிக்கா அவரை வெளியேறச் சொன்னது. வியட்நாம் போருக்கு எதிராக அவர் போட்ட சத்தம்தான் உண்மையான எரிச்சல் என்பது ஊருக்கே தெரியும், ஃபைலில் மட்டும் கஞ்சா. 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 1976-ல் கிரீன் கார்டு வந்தது. அவருடைய கூட்டாளி பால் மெக்கார்ட்னிக்குப் பழைய போதை வழக்கைக் காட்டி ஜப்பான் 1975-ல் விசா மறுத்தது. 1980-ல் மனமிரங்கிக் கொடுத்தது. மனிதர் பெட்டியில் கஞ்சாவோடு நரிட்டாவில் இறங்கி, ஒன்பது இரவு உள்ளே இருந்துவிட்டுத் திரும்பினார். அனுதாபப்படுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

சமையல், அலங்காரம் சொல்லிக்கொடுத்துப் பணக்காரியான மார்த்தா ஸ்டூவர்ட்டை, பழைய தண்டனையைக் காட்டி, இங்கிலாந்து 2008-ல் வர வேண்டாம் என்றது. எனக்கு உறுத்துவது நெல்சன் மண்டேலாதான். நோபல் வாங்கி, நாட்டின் ஜனாதிபதியாகவும் இருந்து முடித்த பிறகும் அமெரிக்காவுக்குப் போக அவருக்குத் தனி விலக்கு தேவைப்பட்டது. அவருடைய கட்சி பயங்கரவாதப் பட்டியலில் கிடந்தது. 2008 ஜூலையில், 90-வது பிறந்தநாளுக்குச் சில வாரம் முன்னால், சட்டம் போட்டு எடுத்தார்கள்.

கே: ஆஸ்திரேலியா?
– வேலூர்

ப: 1788-ல் பிரிட்டன் கப்பல் கப்பலாகக் கைதிகளைக் கொண்டுபோய் இறக்கிய நாடு. அன்று தண்டனை இருந்தால்தான் டிக்கெட். இன்று எல்லாத் தண்டனையும் கூட்டி 12 மாதம் வந்தாலே ‘நன்னடத்தைத் தேர்வில்’ ஃபெயில்.

கே: அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் என் மேல் போட்ட கேஸ்களை அரசு வாபஸ் வாங்கிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. பாஸ்போர்ட் விசாரணையில் இன்னும் கேஸ் இருக்கிறது என்கிறார்கள்.
– கடலோர வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

ப: பேப்பரில் வந்தால் போதாது, கோர்ட்டில் வர வேண்டும். அரசு அறிவித்த பிறகு அரசு வக்கீல் மனுப் போட்டு, நீதிபதி சம்மதித்து உத்தரவு போட்டால்தான் வழக்கு சாகும். நடுவில் எங்கோ அந்தச் சங்கிலி அறுந்திருக்கிறது. இடிந்தகரைப் பக்கம் கடலை விட்டால் வளைகுடாதான் பிழைப்பு என்று இருக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு காகிதத்துக்காக அலைந்தார்கள். கூடங்குளம் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொல்லி 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு குற்ற எண்ணுக்கும் தனித்தனி உத்தரவு நகல் வாங்குங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஒன்று போதும் அவர்களுக்கு. தண்டனையே ஆகியிருந்தாலும், முழுக்க அரசியல் குற்றத்தை ஒழுக்கக்கேடாக எண்ணக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. கல் வீசியிருந்தால் அது அரசியலா, கல்லா என்பது அதிகாரியைப் பொறுத்தது.

கே: பையன் பதினாறு வயதில் சைக்கிள் திருடிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான். இப்போது இன்ஜினீயர். அவன் வாழ்க்கை அவ்வளவுதானா?
– ஒரு தாய், விழுப்புரம்

ப: இல்லவே இல்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அந்தத் தீர்ப்பால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது, கெடு முடிந்ததும் ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. அமெரிக்காவிலும் 18 வயதுக்குள் செய்த ஒரே குற்றம், ஐந்து வருடம் கடந்துவிட்டால் தடையில்லை. வீட்டில் அதை அடிக்கடி ஞாபகப்படுத்தும் சித்தப்பா யாராவது இருந்தால் அவரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: துபாயிலிருந்து ஒரு கேஸில் நாடு கடத்தினார்கள். பெயரில் இனிஷியலை விரித்து எழுதிப் புது பாஸ்போர்ட் எடுத்தால் திரும்பப் போகலாம் என்று ரூம்மேட் சொல்கிறான்.
– ராமநாதபுரம்

ப: இனிஷியலை விரிக்கலாம், கருவிழியை விரிக்க முடியாது. ஐக்கிய அரபு அமீரகம் 2000-களின் தொடக்கத்திலிருந்தே நாடு கடத்தியவர்களின் கருவிழியைப் பதிந்து வைக்கிறது. ரூம்மேட்டையும் மாற்றுங்கள்.

கே: கேள்வியே கேட்காமல் உள்ளே விடுகிற இடம் ஏதாவது உண்டா?
– கும்பகோணம்

ப: மாமியார் வீடு. அங்கேதான் ஏற்கெனவே போய்வந்துவிட்டீர்களே. மற்றபடி நேபாளத்துக்கு நமக்கு விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாப் படிவத்திலும் பழைய தண்டனை பற்றி நேரடிக் கேள்வி இல்லை. சிங்கப்பூர் பக்கத்தில்தானே என்று நினைக்காதீர்கள், அவர்களுடைய 14-ஏ படிவத்தில் எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா என்று பளிச்சென்று கேட்டிருக்கிறார்கள்.

கே: குடும்பத்தோடு லண்டன் போக விண்ணப்பம் போட்டோம். பழைய தண்டனை பற்றிய கேள்விக்கு என் கணவர் ‘ஆம்’ என்று போட்டு, கல்லூரி நாளில் நடந்த ஒரு கேஸைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன செய்வது?
– சென்னை

ப: அவர் எழுதியதில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த விசாவுக்கும் வரிக்கு வரி அப்படியே எழுத வேண்டியிருக்கும். மறைத்தவருக்கு இங்கிலாந்து பத்து வருடம் போடுகிறது, நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். டிக்கெட் ரீஃபண்ட் உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.